ஆபீஸ் சிஸ்டம்களை லினக்ஸுக்கு மாற்றப் போகிறீர்களா? நாங்கள் பட்டதை நீங்கள் பட வேண்டாம்

கோவையில் பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் சின்ன கம்பெனி எங்களுடையது. எனக்கு வேலை பர்ச்சேஸ். ஆனால் மானிட்டர் இருட்டானாலும் பிரிண்டர் இருமினாலும் கூப்பிடுவது என்னைத்தான். ஐ.டி. டிபார்ட்மென்ட் என்று ஒன்று எங்களுக்குக் கிடையாது.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றது. எங்களிடம் இருந்த 11 சிஸ்டத்தில் டிசைன் பிரிவு சிஸ்டம் ஒன்றுதான் விண்டோஸ் 11-ஐ ஏற்றது. மற்ற பத்தும் பழசு. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் ஏறத்தாழ 8-ஆம் தலைமுறை பிராசசர் வேண்டும். பணம் கட்டி விண்டோஸ் 10 அப்டேட்டை நீட்டிக்க வழி உண்டு. கம்பெனிகளுக்குச் சிஸ்டம் ஒன்றுக்கு முதல் வருடம் 61 டாலர், இரண்டாம் வருடம் அதன் இரட்டிப்பு, மூன்றாம் வருடம் மறுபடி இரட்டிப்பு. மூன்று வருடத்துக்கு 427 டாலர். பழைய சிஸ்டத்தை விற்றால்கூட அவ்வளவு தேறாது. கணக்கைக் காட்டியதும் முதலாளி, "வேற வழி ஏதாச்சும் பாருங்க தம்பி" என்றார்.

வழி இருந்தது: விண்டோஸ் இருந்த இடத்தில் லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போடுவது. மூன்று நாளில் முடித்துவிடலாம் என்று வாய்விட்டேன். ஏழு வாரம் ஆனது. அதில் ஐந்து வாரம் நான் வரிசை தெரியாமல் செய்ததால் போனது. ஐந்து முதல் இருபது சிஸ்டம் வைத்திருக்கும், கம்ப்யூட்டருக்கென்று தனி ஆள் இல்லாத ஆபீஸுக்காக இதை எழுதுகிறேன். நூறு சிஸ்டம் இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் சம்பளத்துக்கு ஒரு ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

1. சிஸ்டத்தை விட்டுவிட்டு நாற்காலிகளை எண்ணுங்கள்

நான் செய்த முதல் தப்பு, எந்த சிஸ்டத்தில் எத்தனை ஜிபி ராம் என்று பட்டியல் போட்டது. அது பிறகு. முதலில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நாற்காலிக்குப் பக்கத்திலும் அரை மணி நேரம் உட்காருங்கள். அந்த ஆள் காலையிலிருந்து எதையெல்லாம் திறக்கிறார் என்று மட்டும் எழுதுங்கள். "என்னென்ன சாஃப்ட்வேர் யூஸ் பண்றீங்க?" என்று கேட்டால் "டேலி, எக்ஸ்செல், மெயில்" என்று மூன்றோடு முடித்துவிடுவார்கள். மாதத்தில் ஒரே ஒரு நாள் திறக்கும் அட்டெண்டன்ஸ் மெஷின் சாஃப்ட்வேர் யாருக்கும் ஞாபகம் வராது. அதுதான் கடைசியில் கழுத்தைப் பிடிக்கும்.

எங்கள் நோட்டில் மூன்று கூட்டம் தெரிந்தது. பிரௌசர், மெயில், எக்ஸ்செல், பிரிண்ட் என்பதோடு முடிகிறவர்கள்: பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், குவாலிட்டி, கேட், ஹெச்.ஆர்., முதலாளி அறை. இவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மாறலாம். நாள் முழுக்க டேலியிலேயே இருப்பவர்கள் இரண்டாவது: சீனியர் அக்கவுண்டன்ட், பில்லிங். மூன்றாவது ஆட்டோகேட் ஓட்டும் டிசைன் சிஸ்டம்.

இரண்டாவது, மூன்றாவது கூட்டத்தைத் தொடாதீர்கள். டேலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது, ஆட்டோகேடும் லினக்ஸுக்கு வருவதில்லை. ஒயின் என்ற இடைச்சாதனத்தை வைத்து விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டலாம் என்று யூடியூப்பில் காட்டுவார்கள். வீட்டில் விளையாடிப் பார்க்க நல்லது. 20-ஆம் தேதி சாயங்காலம் ரிட்டர்ன் போடும்போது அதை நம்பி உட்கார எனக்குத் தைரியம் இல்லை.

முடிவில் 11-ல் 8 லினக்ஸுக்குப் போனது, 3 விண்டோஸிலேயே நின்றது (டேலி ஓடும் இரண்டுக்கும் பதிலாக விண்டோஸ் 11 உள்ள புது சிஸ்டம் வாங்கினோம்). "முழுசா மாத்தலையா?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

2. காகிதங்களைத் திரட்டுங்கள்

சிஸ்டத்தில் கை வைக்கும் முன் ஒரு ஃபைலில் இவையெல்லாம் சேர வேண்டும்.

டேலி சீரியல் நம்பர், அது பதிவான மெயில் ஐ.டி., அதன் பாஸ்வேர்ட். எங்கள் லைசென்ஸ், நான்கு வருடம் முன்பு வேலையை விட்டுப் போன ஒருவரின் சொந்த மெயிலில் பதிவாகியிருந்தது. புது சிஸ்டத்தில் ஆக்டிவேட் செய்யப் போகிற நாளில் இது தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவரைத் தேடிப் பிடித்து, ஓடிபி வாங்கி, கம்பெனி மெயிலுக்கு மாற்ற ஒன்பது நாள் போனது. நல்ல மனுஷர், போனை எடுத்தார்.

டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் (ரிட்டர்னில் கையொப்பம் போட யூ.எஸ்.பி.-யில் செருகுவது) பாஸ்வேர்டும் காலாவதி தேதியும். பாஸ்வேர்டைத் தப்பாக அடித்துக்கொண்டே இருந்தால் டோக்கன் லாக் ஆகிவிடும், அதனால் ஊகித்து அடிக்காதீர்கள். காலாவதிக்கு ஒரு மாதத்துக்குள் இருந்தால் முதலில் புதுப்பித்துவிட்டு வாருங்கள்.

பிட்லாக்கர் ரெகவரி கீ. பிட்லாக்கர் என்பது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. லேப்டாப்களில், நீங்கள் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். அந்த 48 இலக்க எண் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் டேட்டா போனது போனதுதான்.

சிஸ்டம் வாங்கிய பில்கள், கேபினெட்டில் ஒட்டியிருக்கும் விண்டோஸ் ஸ்டிக்கரின் போட்டோ, வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் "விண்டோஸ் மட்டும்" என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் லினக்ஸ் போட்ட பிறகு ஹார்ட்வேர் பழுதுக்குக்கூட "அது எங்க வேலை இல்லீங்க" என்று சொல்லிவிடுவார்கள். அந்த வரியை மாற்றி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு ரவுட்டர் பாஸ்வேர்ட், நெட்வொர்க் பிரிண்டரின் ஐ.பி. எண், ஒவ்வொருவரின் மெயில் பாஸ்வேர்ட். பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் மறக்காதீர்கள். பி.எஃப். தளத்தின் பாஸ்வேர்ட் எங்கள் ஹெச்.ஆர். மேடத்துக்குத் தெரியாது. பிரௌசருக்குத்தான் தெரியும்.

3. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை

காசை மிச்சம் பிடிக்கிற வேகத்தில், டேலியையும் தூக்கிவிட்டு இலவச கணக்கு மென்பொருள் ஒன்றுக்குப் போய்விடலாமா என்று எனக்குத் தோன்றியது. ஆடிட்டர் ஒரே நிமிடத்தில் நிறுத்தினார். கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள் 2023 ஏப்ரல் 1 முதல் கணக்குக்குப் பயன்படுத்தும் மென்பொருளில், ஒவ்வொரு திருத்தத்தையும் யார், எப்போது செய்தார்கள் என்று பதிவு செய்யும் எடிட் லாக் இருக்க வேண்டும். அதை யாரும் அணைக்க முடியாதபடியும் இருக்க வேண்டும். அந்த வசதி இருக்கிறதா, வருடம் முழுக்க ஓடியதா என்று ஆடிட்டர் தன் அறிக்கையிலேயே எழுத வேண்டும். நுகாஷ் போன்றவை வீட்டுக் கணக்குக்கு அருமை, பிரைவேட் லிமிடெட்டுக்கு ஆகாது. ப்ரொப்ரைட்டர், பார்ட்னர்ஷிப்புக்கு இந்த விதி பொருந்தாது. அப்படியும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

திறந்த மூலத்திலேயே பெரிதாகப் போக நினைத்தால் மும்பையைச் சேர்ந்த ஃப்ராப்பே நிறுவனத்தின் ஈஆர்பிநெக்ஸ்ட் இருக்கிறது. கணக்கு, ஸ்டாக், பர்ச்சேஸ் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் மென்பொருள் அது. ஜிஎஸ்டி வசதியும் அதற்கு உண்டு. ஆனால் அது தனிக் கல்யாணம். ஆபரேட்டிங் சிஸ்டம் மாற்றுவதையும் கணக்கு மென்பொருள் மாற்றுவதையும் ஒரே முகூர்த்தத்தில் வைக்காதீர்கள்.

ஆடிட்டரிடம் கேட்க வேண்டிய இன்னொன்று: எந்த ரிட்டர்னை நம் ஆபீஸில் போடுகிறோம், எதை அவர் ஆபீஸில் போடுகிறார்கள்? வருமான வரி, டிடிஎஸ் ரிட்டர்ன் எல்லாம் அங்கேயே முடிகிறது என்றால் உங்கள் தலைவலி பாதி குறைந்தது.

4. நாள் பார்த்தல்

எந்த மாதத்திலும் 7 டிடிஎஸ் கட்ட, 11 ஜிஎஸ்டிஆர்-1, 15 பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20 ஜிஎஸ்டிஆர்-3பி. ஆகவே மூச்சு விட இடம் இருப்பது 21 முதல் 28 வரை. மார்ச், ஏப்ரலைத் தொடவே வேண்டாம். செப்டம்பரில் டேக்ஸ் ஆடிட் ஓடும், அதுவும் வேண்டாம்.

நான் ஆரம்பித்தது ஒரு 9-ஆம் தேதி. அக்கவுண்ட்ஸ் ரூமில் என் பெயர் அப்போது என்னவாக இருந்தது என்று எழுத முடியாது.

5. எந்த லினக்ஸ்?

இந்தக் கேள்வியை இணையத்தில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், ஒரு வாரம் போய்விடும். ஆபீஸுக்கு லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு), இரண்டில் ஒன்று போதும். எல்லா சிஸ்டத்திலும் ஒரே வகை, ஒரே பதிப்பு போடுங்கள். ஆளுக்கொன்று போட்டால் நாளைக்குப் பாடம் சொல்லித்தரப் போவதும் ஆளுக்கொன்றாகத்தான்.

நாங்கள் போட்டது மின்ட் 22 வரிசை. கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸ் பழகிய கண்ணுக்கு அந்நியமாக இருக்காது. அடித்தளம் உபுண்டு 24.04, ஆதரவு 2029 வரை. 8 ஜிபி ராம் இருந்தால் சின்னமன் பதிப்பு, 4 ஜிபிதான் என்றால் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. ஃபெடோரா நல்லதுதான், ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாதம்தான் ஆதரவு. வருடா வருடம் இந்த வேலையைச் செய்ய ஆபீஸில் யாருக்கு நேரம்? மத்திய அரசு நிறுவனமான சி-டாக், சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உண்டு. எங்களுக்கு மின்ட்டை நன்றாகத் தெரிந்த ஒரு சர்வீஸ் பையன் பக்கத்தில் கிடைத்ததால் அதையே எடுத்தோம். இதுவும் ஒரு அளவுகோல்தான்: கூப்பிட்டால் வருகிற ஆளுக்கு எது தெரியுமோ அது.

6. பென்டிரைவிலேயே ஓட்டிப் பாருங்கள்

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். அதிகாரப்பூர்வத் தளத்தில் லினக்ஸின் ஐஎஸ்ஓ கோப்பை (முழு சிஸ்டமும் அடங்கிய ஒரே கோப்பு) இறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற இலவச மென்பொருள் கொண்டு பென்டிரைவில் எழுதி, சிஸ்டத்தை அதிலிருந்து பூட் செய்யுங்கள். டிஸ்கில் ஒரு எழுத்துகூட மாறாது. சிஸ்டத்தை அணைத்து, பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி போட்டால் பழையபடி விண்டோஸ்.

ஒவ்வொரு நாற்காலியிலும் இப்படி ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். வைஃபை பிடிக்கிறதா (சின்ன யூ.எஸ்.பி. வைஃபை டாங்கிள்கள் அதிகம் படுத்தும்), சத்தம் வருகிறதா, ஸ்கேனர் தெரிகிறதா, ஜிஎஸ்டி, இ-வே பில், வங்கித் தளங்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். இன்ஸ்டாலரில் டிஸ்கே தெரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பயாஸில், அதாவது சிஸ்டம் போட்டதும் ஒரு கீயை அழுத்தி உள்ளே போகும் அடிப்படை செட்டிங்கில், டிஸ்க் ரெய்டு அல்லது ஆர்எஸ்டி முறையில் இருக்கலாம். அதை ஏஹெச்சிஐ-க்கு மாற்றினால் தெரியும். மாற்றினால் பழைய விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம், ஆகவே இது காப்பி எடுத்த பிறகு செய்கிற வேலை.

பிரிண்டர்தான் உண்மையான பரீட்சை. சமீபத்திய நெட்வொர்க் பிரிண்டர்கள், அதாவது ஐபோனிலிருந்து நேராக பிரிண்ட் எடுக்க முடிகிற ரகம், டிரைவரே இல்லாமல் வேலை செய்யும். ஹெச்பி-க்குப் பெரும்பாலும் தயாராகவே வசதி இருக்கிறது. சலான் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பல எப்சன் மொழியைப் புரிந்துகொள்ளும். எப்சன் 9-பின் டிரைவரைத் தேர்ந்தெடுத்து, தாள் அளவைக் கைப்பட இஞ்சில் கொடுங்கள். ஏ4 என்று விட்டால் ஒவ்வொரு சலானும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, பத்தாவது சலானில் கம்பெனி பெயர் துளைக் கோட்டின் மேல் வந்து உட்காரும். ஸ்டோர்ஸ் அண்ணன் ஒரு கட்டு சலானை விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு வந்து காட்டினார்.

சிக்கல் தருவது, எல்லாக் கணக்கையும் கம்ப்யூட்டரின் தலையில் போட்டுவிட்டுத் தான் மட்டும் சூடாகும் பழைய மலிவு லேசர் பிரிண்டர்கள். எங்கள் ஒன்றோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். பிறகு அதைத் தூக்கி விண்டோஸில் நிற்கும் பில்லிங் சிஸ்டத்துக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்த நல்ல பிரிண்டரை இங்கே கொண்டுவந்தேன். பத்து நிமிட வேலை. முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

7. எக்ஸ்செல், தமிழ், மெயில்: ஆட்கள் கோபப்படுவது இங்கேதான்

எம்எஸ் ஆபீஸுக்குப் பதிலான இலவச லிப்ரேஆபீஸ் லினக்ஸின் கூடவே வரும். முதல் வேலையாக அதன் செட்டிங்கில் சேமிக்கும் வடிவத்தை எக்ஸ்செல், வேர்ட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அதன் சொந்த வடிவமான ஓடிஎஸ் கோப்புகள் வாடிக்கையாளர்களுக்குப் போய், "ஃபைல் ஓபன் ஆகல சார்" என்று போன் வரும்.

ஆபீஸில் அதிகம் புழங்கும் இருபது எக்ஸ்செல் கோப்புகளை எடுத்து ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். எங்கள் குவாலிட்டி ரிப்போர்ட் ஒன்று எக்ஸ்லுக்அப் சூத்திரம் இருந்த இடத்திலெல்லாம் பிழை காட்டியது. காரணம் எளிது: அந்தச் சூத்திரம் லிப்ரேஆபீஸுக்கு வந்தது 24.8 பதிப்பில், மின்ட் 22-ஓடு வருவது 24.2. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஃப்ளாட்பேக் வடிவில் இருக்கும் புதிய பதிப்பைப் போட்டால் சரியாகிவிடும். மேக்ரோ (தானாக ஓடும் சின்ன நிரல்) உள்ள கோப்புகள் பாதி ஓடும், பாதி ஓடாது. அரசுத் தளங்களில் ஏற்றுவதற்கான ஜேசன் கோப்பை மொத்தமாக உருவாக்கும் அரசு எக்ஸ்செல் டூல்களும் மேக்ரோவை நம்பியவைதான். அவற்றை விண்டோஸ் சிஸ்டத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கலிப்ரி எழுத்துரு இல்லாததால் பக்கம் குலையும் என்று பயமுறுத்துவார்கள். அதே அளவில் கார்லிட்டோ என்று ஒன்று இருக்கிறது, அது சிஸ்டத்தில் இருந்தால் தானாகவே அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். உண்மையில் குலைவது தமிழ்தான். நோட்டீஸ் போர்டு அறிவிப்பு, தொழிலாளர் கடிதம் எல்லாம் பத்து வருடமாக பாமினியில் அடித்து வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத சிஸ்டத்தில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ சங்கேத மொழி மாதிரி தெரியும். எழுத்துருக் கோப்பைக் கொண்டுவந்து போட்டால் பழசு தெரியும்தான். ஆனால் இந்தச் சாக்கில் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. மாற்றித் தரும் இலவசத் தளங்கள் இருக்கின்றன. மாற்றிய பின் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கொம்பும் காலும் எங்காவது இடம் மாறியிருக்கும்.

தமிழ் அடிக்க, கீபோர்டு செட்டிங்கில் தமிழ்99 தளவமைப்பைச் சேர்த்தால் போதும். அம்மா என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகியவர்களுக்கும், பழைய டைப்ரைட்டர் கை உள்ளவர்களுக்கும் எம்17என் உள்ளீட்டுத் தொகுப்பில் அந்தந்த முறை உண்டு. எங்கள் ஹெச்.ஆர். மேடம் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். தன் தளவமைப்பு வந்ததைப் பார்த்த பிறகுதான் என்னோடு பேசவே ஆரம்பித்தார்.

மெயிலில் நான் பட்டது பெரிய அடி. என் சொந்த சிஸ்டத்தில் அவுட்லுக், பாப்3 முறையில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த முறையில் மெயில்கள் சர்வரிலிருந்து இறங்கி சிஸ்டத்திலேயே தங்கிவிடும். டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் எல்லாம் காப்பி எடுத்தேன். மெயில் இருந்த பிஎஸ்டி கோப்பு கண்ணுக்குத் தெரியாத ஒரு உள் ஃபோல்டரில் இருந்தது. டிஸ்கை அழித்தேன். 2019-லிருந்து வந்த கொட்டேஷன் மெயில்கள் அத்தனையும் போயின. சப்ளையர்களுக்கு ஒவ்வொருவராக போன் செய்து, "அந்தப் பழைய ரேட்டைக் கொஞ்சம் மறுபடி அனுப்புங்க" என்று கேட்டதில் இரண்டு பேர் புது ரேட்டை அனுப்பிவிட்டார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: விண்டோஸில் இருக்கும்போதே மெயிலை, எல்லாம் சர்வரிலேயே தங்கும் ஐமேப் முறைக்கு மாற்றுங்கள். பிஎஸ்டி-யில் இருக்கும் பழைய மெயில்களை அந்த ஐமேப் கணக்குக்குள் இழுத்துப் போடுங்கள். சர்வரில் இடம் போதுமா என்று முன்பே பாருங்கள். எல்லாம் ஏறியதை வெப்மெயிலில் திறந்து உறுதி செய்யுங்கள். பிறகு லினக்ஸில் தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளில் அதே கணக்கைப் போட்டால் அத்தனையும் வந்து நிற்கும்.

8. மாற்றும் நாள்: பழைய டிஸ்க்கை அழிக்காதீர்கள்

மேலே சொன்ன அடிக்குப் பிறகு கற்றது இது. டெஸ்க்டாப் சிஸ்டங்களில் பழைய ஹார்ட் டிஸ்க்கை அழித்து அதிலேயே லினக்ஸ் போட வேண்டாம். கழற்றி, யாருடையது, என்ன தேதி என்று மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டி, பீரோவில் வையுங்கள். புது எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான டிஸ்க்) மாட்டி அதில் லினக்ஸ் போடுங்கள். ஏதாவது விட்டுப்போனால் டிஸ்க் முழுசாக இருக்கிறது. ஒரு நாற்காலி அடியோடு சரிப்படாவிட்டால் பத்து நிமிடத்தில் பழைய டிஸ்க்கை மாட்டி விண்டோஸுக்குத் திரும்பிவிடலாம். பழைய சிஸ்டம் எஸ்எஸ்டியில் ஓடும் வேகத்தைப் பார்த்து ஆட்கள் லினக்ஸைப் பாராட்டுவார்கள். திருத்த வேண்டாம், விட்டுவிடுங்கள்.

இரண்டு டிஸ்க் உள்ள சிஸ்டத்தில், இன்ஸ்டால் செய்யும்போது டேட்டா டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டே ஆரம்பியுங்கள். "டிஸ்க்கை அழித்து நிறுவு" என்று இன்ஸ்டாலர் கேட்கும்போது எந்த டிஸ்க் என்று படிக்காமல் அழுத்துகிற கை எல்லோருக்கும் உண்டு.

ஒரு நாளைக்கு இரண்டு சிஸ்டத்துக்கு மேல் வேண்டாம். இன்ஸ்டால் செய்ய அரை மணி நேரம்தான், மீதி நேரம் பிரிண்டர், மெயில், பாஸ்வேர்ட், ஷேர் ஃபோல்டர் என்று ஓடும். முதல் பலி உங்கள் சிஸ்டமாகவே இருக்கட்டும். இரண்டு வாரம் அதிலேயே வேலை செய்துவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போங்கள்.

ஒவ்வொரு சிஸ்டத்திலும் நிர்வாகக் கணக்கு உங்களிடம், ஊழியருக்குச் சாதாரணக் கணக்கு. மின்ட்டோடு வரும் டைம்ஷிஃப்ட் என்ற கருவியை இயக்கி வையுங்கள். ஒரு அப்டேட் தகராறு செய்தால் முந்தைய நாள் நிலைக்குத் திரும்ப அது உதவும். ஆனால் அது சிஸ்டம் கோப்புகளுக்குத்தான். ஆட்களின் கோப்புகளுக்குத் தனி பேக்கப் வேண்டும்.

9. டேலியும் டோக்கனும்

விண்டோஸில் நிற்கும் சிஸ்டங்களுக்கு விண்டோஸ் ஹோம் பதிப்பு வாங்காமல் ப்ரோ பதிப்பு வாங்குங்கள். ஹோம் பதிப்புக்குள் தூரத்திலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியே நுழைய முடியாது. ப்ரோவில் நுழையலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான். எனக்கு இது தெரியாது. ஜூனியர் அக்கவுண்டன்ட் பெண்ணின் லினக்ஸ் சிஸ்டத்தில் ரெமினா என்ற ரிமோட் டெஸ்க்டாப் மென்பொருள் போட்டு, சீனியர் அக்காவின் விண்டோஸுக்குள் நுழைய வைத்தேன். அந்தப் பெண் உள்ளே போனதும் அந்தப் பக்கம் அக்காவின் ஸ்க்ரீன் லாக். அக்கா பாஸ்வேர்ட் அடித்து உள்ளே வந்தால் இந்தப் பெண் வெளியே. சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து அரை மணி நேரம் ஒருவரை ஒருவர் வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள். "ஏந்தம்பி, எஞ் சிஸ்டத்துல பேய் கீய் பூந்துருச்சா?" என்று அக்கா வந்து நின்றபோதுதான் எனக்கே விஷயம் புரிந்தது.

பல பேரை ஒரே நேரத்தில் நுழைய வைக்கும் குறுக்கு வழிகளை விற்பவர்கள் இருக்கிறார்கள். அது மைக்ரோசாஃப்ட் லைசென்ஸுக்கு விரோதம். முறைப்படி வேண்டுமென்றால் விண்டோஸ் சர்வரும், ஆளுக்கொரு ரிமோட் லைசென்ஸும் வாங்க வேண்டும். நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. ஜூனியர் இப்போது மதியத்துக்கு மேல் பில்லிங் சிஸ்டத்தில் உட்கார்ந்து என்ட்ரி போடுகிறார். முதலாளிக்கு அறிக்கை பார்த்தால் போதும். டேலியின் அறிக்கைகளை பிரௌசரிலேயே பார்க்க வசதி இருப்பதால் அவர் லினக்ஸில் நிம்மதியாக இருக்கிறார்.

டோக்கனில் இன்னொரு பொறி. ப்ரொப்ரைட்டர் என்றால் ஜிஎஸ்டி ரிட்டர்னை ஓடிபியிலேயே முடிக்கலாம். பிரைவேட் லிமிடெட், எல்எல்பி என்றால் டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். டோக்கனை விண்டோஸ் சிஸ்டத்தில் செருகிவிட்டு, ரிமோட் டெஸ்க்டாப் வழியே நுழைந்து கையொப்பம் போடப் பார்த்தால் டோக்கனே இல்லை என்று சொல்லும். ரிமோட் டெஸ்க்டாப், டோக்கனை நீங்கள் உட்கார்ந்திருக்கும் சிஸ்டத்தில்தான் தேடும். எழுந்து போய் அந்த சிஸ்டத்தின் முன்னால் உட்கார்ந்து போடுங்கள்.

அட்டெண்டன்ஸ் மென்பொருளும் அக்காவின் விண்டோஸ் சிஸ்டத்துக்கே வந்துவிட்டது. மாதம் ஒருநாள் வேலை, அக்கா பொறுத்துக்கொள்கிறார்.

10. செலவு

எங்களுக்கு ஆனது இது. உங்கள் ஊரில், நீங்கள் வாங்கும் நாளில் விலை மாறும்.

புது விண்டோஸ் 11 ப்ரோ சிஸ்டம் 2: ₹86,000. எஸ்எஸ்டி 6: ₹11,400. பழைய ரக ராம் 3: ₹2,700. பேக்கப்புக்கு வெளி ஹார்ட் டிஸ்க்: ₹4,800. பென்டிரைவ் 2: ₹900. சர்வீஸ் பையனுக்கு இரண்டு நாள்: ₹6,000. மொத்தம் ₹1,11,800. பத்தையும் புதிதாக வாங்கியிருந்தால், அதே விலைக்கு ₹4,30,000 ஆகியிருக்கும்.

இந்தக் கணக்கில் வராதது என் ஏழு வாரம். அதையும் முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் "இலவசம்னு சொன்னீங்களே" என்ற வார்த்தை வரும். எல்லா பில்லிலும் கம்பெனி ஜிஎஸ்டி எண் இருக்கட்டும். இருநூறு ரூபாய் குறைவு என்று பில் இல்லாமல் வாங்கினால் இன்புட் கிரெடிட்டும் போகும், வாரண்டியும் போகும்.

11. முதல் மாதம்

ஒவ்வொருவருக்கும் நாற்பது நிமிடம் தனியாக உட்கார்ந்து காட்டுங்கள். கூட்டம் கூட்டிப் பாடம் நடத்தினால் யாரும் கேட்க மாட்டார்கள். பழைய டெஸ்க்டாப்பில் எந்த ஐகான் எங்கே இருந்ததோ அங்கேயே வையுங்கள், பெயரையும் மாற்றாதீர்கள். எங்கள் கேட்டில் இருக்கும் அண்ணனுக்கு "சி டிரைவ்" எங்கே போனது என்பதுதான் ஒரே கவலை. "இன்வர்ட்" என்ற ஃபோல்டரை டெஸ்க்டாப்பில் வைத்ததும் கவலை தீர்ந்தது.

முதல் பத்து நாள் போன் வந்துகொண்டே இருக்கும். கேள்விகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். என் நோட்டில் 63 கேள்வி சேர்ந்தது, அதில் 40-க்கு மேல் பிரிண்டர். "லினக்ஸ் வந்ததிலிருந்து கரண்ட் அடிக்கடி போகுது" என்றும் ஒன்று இருக்கிறது.

ஒரு முழு மாதச் சுற்று முடியும்வரை, அதாவது சம்பளம், பி.எஃப்., இரண்டு ஜிஎஸ்டி ரிட்டர்னும் போட்டு முடியும்வரை, எதையும் முடிந்ததாகக் கணக்கில் எடுக்காதீர்கள். பீரோவில் இருக்கும் பழைய டிஸ்க்குகளை மூன்று மாதம் தொடாமல் வையுங்கள். நான் அவற்றில் இரண்டை மறுபடி மாட்ட வேண்டி வந்தது: ஒன்றில் ஹெச்.ஆர். மேடத்தின் போனஸ் கணக்கு, மற்றொன்றில் முதலாளி மகள் கல்யாண போட்டோக்கள். மூன்று மாதம் கழிந்ததும் டிஸ்க்குகளை அப்படியே பழைய இரும்புக் கடைக்குப் போடாமல், லினக்ஸிலேயே இருக்கும் டிஸ்க் கருவியில் முழுசாக அழித்துவிட்டு, பதிவு பெற்ற மின்கழிவு எடுப்பவர்களிடம் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். அந்த ரசீதும் இரண்டாம் படியில் ஆரம்பித்த ஃபைலுக்குள்தான் போகிறது.